படகுக்குத் தரை போட்டேன்

என் மனைவியின் வலது கால் படகின் தரையை உடைத்துக்கொண்டு உள்ளே போனபோது நான் எஞ்சினைக் கிளப்பக் குனிந்திருந்தேன். "ஐயோ" என்று ஒரே ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. இரண்டு கைகளாலும் இருக்கைப் பலகையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தாள். கூட ஏறியிருந்த பெண்கள் எல்லோரும் பயந்துபோய் ஒரே பக்கம் ஒதுங்க, படகு சாய்ந்தது. "உக்காருங்க! எல்லாரும் அப்படியே உக்காருங்க!" என்று நான் கத்தியது அக்கரைக்கே கேட்டிருக்கும்.

டேமைக் கடக்க நான் ஆள் ஏற்றும் படகு அது. கரையை விட்டு நாங்கள் இன்னும் நகரவே இல்லை. படகின் அடிப்பகுதி ஃபைபர், அதற்கு ஒரு கீறலும் விழவில்லை. தரைப் பலகைக்கும் அந்த அடிப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்குள்தான் கால் போயிருந்தது. ஆனால் அங்கே தேங்கிக் கிடந்த குளிர்ந்த தண்ணீர் காலில் பட்டதும், படகே ஓட்டையாகிவிட்டது, டேமுக்குள் மூழ்கப்போகிறோம் என்று அவள் நினைத்துவிட்டாள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாதிப் பேரைப் போல அவளுக்கும் நீச்சல் தெரியாது. உடைந்த பலகையும் துருப்பிடித்த ஆணியும் கிழித்ததில் ஆறு தையல், ஓர் ஊசி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த இடம் இத்துப்போயிருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும். ஒரு மாதமாக நடு இருக்கைக்குப் பக்கத்தில் மிதித்தால் தரை அமுங்கியது. மழை விடட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு ரப்பர் மேட்டைப் போட்டு மூடிவிட்டு வேலையைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அவள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"என்னங்க, ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"எனக்கு எப்புடித் தெரியும்? நான் என்ன, தரைக்கு அடியிலயா குடியிருக்கேன்?" என்றேன். பொய் சொல்லும்போது எனக்குக் குரல் தானாக உயரும். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். என் மனைவி பார்க்கவில்லை. கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டு, "இனிமே அந்தப் படகுல கால் வைக்க மாட்டேன்" என்றாள்.

கோபத்தில் சொல்கிறாள், ஆறிவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆறவில்லை. அவளுக்கு வேலை அக்கரையில். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவைப் பதினோரு வருடமாக அவள்தான் பார்த்துவருகிறாள். ஏழு மணிக்கு முன் அவள் அங்கே இருந்தால்தான் அந்தப் பெண்கள் மலைக்கு ஏற முடியும். படகில் போனால் பத்து நிமிடம். பஸ்ஸில் போனால் டேமைச் சுற்றிக்கொண்டு, சந்தியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, போய்ச் சேர ஒன்பதாகும். டாக்டர் மூன்று வாரம் லீவு எழுதிக்கொடுத்தார். லீவு முடிகிற திங்கட்கிழமை வரவில்லையென்றால் வேறு ஆளைப் போடுவோம் என்று ஆபீசிலிருந்து சொல்லியனுப்பினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, பிள்ளைகளை நடுவாசலில் விட்டுவைக்க முடியுமா? அந்த வேலை போனால் அவள் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். அக்கரையில் நடக்கத் தெரிந்த பிள்ளைகளெல்லாம் அவள் கையைப் பிடித்து நடந்தவர்கள்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

அவள் கால் உடைத்துக்கொண்டு போன மறுநாளே தரையை முழுதாகப் பெயர்த்தேன். அந்தப் படகு கடற்கரை மீனவர் ஒருவரிடமிருந்து லொறியில் மலையேறி வந்தது. விற்றவர் தரைக்கு மேலே பச்சைப் புல் மாதிரி ஒரு கார்பட் ஒட்டியிருந்தார். அதைப் பார்த்து மயங்கித்தான் வாங்கினேன். உரித்தால் அடியில் பலகை கறுத்துப்போய், தேத்தண்ணியில் ஊறிய பிஸ்கட் போலக் கையோடு வந்தது. டேம் தண்ணீர் அதை ஒன்றும் செய்யவில்லை. எங்கள் மழைதான் மேலேயிருந்து இறங்கி, போக வழியில்லாமல், கார்பட்டுக்கு அடியிலேயே குடித்தனம் நடத்தியிருக்கிறது. அதற்கு மேலே ரப்பர் மேட்டையும் போட்டு மூடிய மகராசன் நான்.

தோட்டத்து ஆசாரி என் வயசுக்காரன், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். வந்து பார்த்துவிட்டு, "சவுக்குப் பலகை போடு மச்சான். தேயிலைக்கு இத்தன வருசமா நெழல் குடுக்குற மரம். நம்ம கூரை, கதவு, கட்டில் எல்லாமே அதுதானே" என்றான். சில்வர் ஓக்கைத்தான் எங்கள் பக்கம் சவுக்கு என்போம்.

"நீ செஞ்சு குடுத்த குசினிக் கதவும் சவுக்குதான். மழைக்காலத்துல சாத்த ஏலாது. வெயில் காலத்துல சாத்தினாலும் பூனை உள்ள வருது."

"அது கதவு மச்சான். இது படகு."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அவன் கோபித்துக்கொண்டு அளவு நாடாவைச் சுருட்டினான். பிறகு அவனேதான் என்னோடு அட்டன் டவுனுக்குப் பஸ் ஏறினான்.

ஹார்டுவெயார் கடை முதலாளி சிங்களவர். தமிழும் நன்றாகப் பேசுவார், என் கோபத்துக்கும் பழகினவர். "அலுமினியத் தகடு போடுங்க அண்ணே. லொறிக்குப் போடுறது. ஒங்க காலத்துக்கும் கெடாது" என்று மேடுமேடாகப் பூப்போட்ட தகடு ஒன்றை எடுத்துப்போட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன். உச்சந்தலை வரை சில்லென்றது. பிறகு ஒரு வாளித் தண்ணீர் கேட்டு ஊற்றினேன். முதலாளி, "ஐயோ, கடைக்குள்ளயா?" என்றார். நனைந்த தகட்டில் கால் வழுக்கியது. மழை நாளில் என் ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் படகில் ஏறுவார்கள். வேண்டாம் என்றேன்.

அடுத்தது பிளாஸ்டிக் பலகை. தண்ணீரில் நூறு வருடம் கிடந்தாலும் உளுக்காது என்றார். இரண்டு கல்லுக்கு மேல் வைத்து நடுவில் நின்றேன், தொட்டில் மாதிரித் தொங்கியது. அது அசையாமல் இருக்க அடியில் சாணுக்கு ஒரு சட்டம் கொடுக்க வேண்டும். அத்தனை பாரத்தையும் ஏற்றினால் ஆட்களை எங்கே ஏற்றுவது? என் மனைவி நிற்கும்போது தரை கொஞ்சம் அமுங்கினாலும் போதும், அவள் இறங்கி ஓடிவிடுவாள். அதையும் வேண்டாம் என்றேன்.

கடைசியாக இரண்டு பிளைவுட் துண்டுகளைக் காட்டினார். ஒன்று சாதாரணம், மற்றது மரைன் பிளைவுட். எனக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரிந்தன.

"பார்த்தா ஒண்ணுதான். உள்ள ஒட்டியிருக்குற பசைதான் வேற" என்றார் முதலாளி.

"நீங்க சொன்னா நான் நம்பணுமா?"

"நம்ப வேணாம். வீட்டுக்குக் கொண்டுபோய் அவிச்சுப் பாருங்க" என்று உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு துண்டுகளையும் கொடுத்துவிட்டார்.

அவித்தேன். குளிக்க வெந்நீர் போடும் பானையை அடுப்பில் ஏற்றி இரண்டு துண்டுகளையும் போட்டு மூடினேன். என் மனைவி காலை ஒரு ஸ்டூலில் நீட்டிக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருந்தாள். பத்து நாளாக அவள் என்னோடு பேசியது "தண்ணி குடுங்க", "ஜன்னலச் சாத்துங்க" அவ்வளவுதான்.

"என்னங்க அவியுது?"

"பலகை."

"பகல் சாப்பாட்டுக்கா?"

சிரிக்காமல்தான் கேட்டாள். ஆனாலும் எனக்கு உயிர் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். இருவருமாகப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பகல் சாப்பாட்டு நேரம் தாண்டி மூடியைத் திறந்தபோது, ஒரு துண்டு பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்து கிடந்தது. மற்றது போட்டது போட்டபடி இருந்தது. அவள் அதை வாங்கி ஆறவைத்து, நகத்தால் ஓரத்தைக் கிளறினாள். பிறகு கொண்டை ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்தாள். பக்கத்துக் கதவு நிலையில் ஓங்கித் தட்டினாள்.

"இது பரவாயில்ல. பழைய தரை எது?"

பிரிந்து கிடந்ததைக் காட்டினேன். அவள் அதன் அடுக்குகளை விரலால் பிரித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுபடி கத்தியிருப்பேனோ என்னவோ. கேட்காததால் என் வாய் தானாகத் திறந்தது.

"எனக்குத் தெரியும்" என்றேன். "ஒரு மாசமா அமுங்குச்சு. மேட்டப் போட்டு மூடுனேன். யாரும் விழுவாங்கன்னு நெனைக்கல. சோம்பேறித்தனந்தான். ஆஸ்பத்திரியில பொய் சொன்னேன்."

இதற்கு அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டு வாங்கத் தயாராகத்தான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். "சரி, பானையக் கழுவி வைங்க" என்றாள், அவ்வளவுதான். கழுவி வைத்தேன். படகில் ஏறுவாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மரைன் பிளைவுட் வந்தது. ஆசாரி அளந்து நாலு பலகையாக அறுத்தான். அறுத்த ஓரத்தில்தான் தண்ணீர் முதலில் நுழையும் என்பதால் மேலும் கீழும் ஓரமும் எல்லாம் ரெசின் பூசி, அதன் மேல் ஃபைபர் நாரை ஒட்டி, மறுபடி ரெசின் பூச வேண்டும். பூசினோம். கடற்கரையில் அது ஒரு நாளில் இறுகிவிடுமாம். எங்கள் குளிரில் மூன்று நாளாகியும் பாகு மாதிரி ஒட்டியது. ஃபாக்டரியில் கொழுந்து வாட்டும் மாடி சூடாக இருக்கும், அங்கே வைக்கலாம் என்றான் ஆசாரி. "ரெசின் நாத்தம் தேயிலையில ஏறுனா தோட்டத்துத் துரை நம்ம ரெண்டு பேரையும் சேத்து வாட்டிடுவாரு" என்றேன். கடைசியில் எங்கள் முன்னறையிலேயே நாலு பலகையையும் சாத்தி, நடுவில் பெரிய பல்புகளைத் தொங்கவிட்டேன். ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுக் குளிரில் நடுங்கினோம். காலையும் மாலையும் அவள் நொண்டி நொண்டி வந்து விரல் வைத்துப் பார்ப்பாள். "இன்னும் ஒட்டுது." மறுநாளும், "ஒட்டுது." நாலாம் நாள் விரலை வைத்து, அழுத்தி, எடுத்துப் பார்த்துவிட்டு, "காஞ்சிடுச்சுங்க!" என்று அடுப்படிக்கே கேட்கக் கூவினாள். அடுப்படியில் நின்ற நான் ரொட்டியைக் கருகவிட்டேன்.

மேலே கார்பட் கிடையாது, மேட்டு கிடையாது என்று முடிவு செய்திருந்தேன். சாம்பல் நிறப் பெயிண்ட் ஒரு கோட்டு அடித்து, அது காய்வதற்குள் சலித்த மணலைத் தூவி, மேலே இன்னொரு கோட்டு. மணல் சலித்தது அவளுடைய மாச் சல்லடையில். அதற்கு வாங்கிய திட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும். காய்ந்தபின் தொட்டால் சொரசொரவென்று இருந்தது. எந்த ஈரக் காலும் அதில் வழுக்காது.

லீவு முடிவதற்கு முந்திய சனிக்கிழமை தரையை மாட்டினோம். துருப்பிடிக்காத ஸ்குரூ, ஒவ்வொரு துளைக்குள்ளும் ரெசின். பின்பக்கம் மழைத்தண்ணீர் ஓட ஒரு வாய் விட்டு, அடியில் தேங்கினால் இறைக்க ஒரு மூடியும் வைத்தோம். நானும் ஆசாரியும் ஆளுக்கொரு பக்கம் நின்று குதித்துப் பார்த்தோம். கல்லு மாதிரி நின்றது. வீட்டுக்கு வந்து, "முடிஞ்சிருச்சு" என்றேன். "அப்படியா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எஞ்சினுக்கு எண்ணெயும், லைஃப் ஜாக்கெட் இரண்டுக்குக் கொக்கியும் வாங்க நான் டவுனுக்குப் போய்விட்டேன். திரும்பி வரப் பகல் இரண்டு மணி. வீட்டுக்குப் போகாமல் நேரே படகுக்கு இறங்கினேன். மேலே பாதையிலிருந்து பார்க்கும்போதே படகுக்குள் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. எவனோ வெற்றிலை துப்பிவிட்டான் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். ஓடிய வேகத்தில் படகுக்குள் கால் வைத்தேன்.

கால் வைத்ததுதான் தெரியும். அடுத்த நொடி எண்ணெய்க் கேன் ஒரு பக்கம், கொக்கிகள் ஒரு பக்கம், நான் மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சொரசொரப்பான தரை முழுவதும் சிவப்புப் பொலிஷ்! தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எங்கள் வீடுகளில் சிமெந்துத் தரைக்குப் பூசி, தேங்காய் மட்டையால் முகம் தெரியும் வரை தேய்ப்போமே, அதே பொலிஷ். மணலுக்கு நடுவில் இருந்த பள்ளம் எல்லாவற்றிலும் மெழுகு இறங்கி, தரை கண்ணாடி போலிருந்தது. கரையில் உடுப்பு துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"எவன்டா இந்த வேலயப் பாத்தது?" என்று கத்திக்கொண்டே, இடுப்பைப் பிடித்தபடி பாதையில் ஏறினேன். லயத்து வரிசை வீடுகளைத் தாண்டும்போது மூன்று கதவு திறந்தது. "மூணு வாரம் மாடா ஒழைச்சேன்! என் கையில மட்டும் மாட்டட்டும்!" வீட்டு வாசலை அடைந்தபோதும் கத்திக்கொண்டுதான் இருந்தேன்.

வாசல்படியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வாளி. உள்ளங்கை இரண்டும் சிவப்பு, நகக்கண்ணெல்லாம் சிவப்பு, பாவாடையில் முழங்கால் படும் இடம் இரண்டும் வட்டவட்டமாகச் சிவப்பு. கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே நிமிர்ந்து, முகம் மலரக் கேட்டாள்.

"பாத்தீங்களா? நல்லா இருக்கா? நீங்க சும்மா சிமெந்துப் பூச்சு மாதிரி சொரசொரன்னு விட்டுட்டீங்க. நாளைக்கு நாலு பேரு ஏறுற எடம், பாக்க லட்சணமா இருக்க வேணாமா?"

எனக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் விளங்கும்.

"நீ... படகுல ஏறுனியா?"

"ஏறாம? கரையில நின்னு கம்பால தேய்ப்பாங்களா?"

"தனியாவா?"

"தனியாத்தான்." வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒரு கால வச்சேன், எடுத்துட்டேன். மறுபடி வச்சேன், எடுத்துட்டேன். நாலு தடவ. துவைக்கிறவங்க பாக்குறாங்கன்னு வெக்கமா போச்சு. அப்பறம் முட்டி போட்டு ஏறுனேன். முட்டி போட்டா கால் மட்டும் தனியா உள்ள போகாதுல்ல? அப்படியே ஒவ்வொரு சாணா அமுக்கிப் பாத்தேன். அமுக்கிப் பாத்த எடமெல்லாம் பொலிஷ் போட்டேன். கடைசி மூலைக்குப் போறப்ப பயம் போயிருச்சு."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் அழுகை வந்தது, அதை இடுப்புவலி என்று காட்டிக்கொண்டேன். தரை வழுக்குகிறது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? ஆனால் இனிமேல் எதையும் மூடிவைப்பதில்லை என்று இருந்தேன். விழுந்த கதையைச் சொன்னேன். மல்லாந்து கிடந்ததையும் சொன்னேன். அவள் வாயில் கை வைத்தாள். பொலிஷ் ஒட்டி முகமெல்லாம் சிவப்பானது. பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்து மூன்று வாரமாகியிருந்தது.

வெந்நீர், சவர்க்காரத்தூள், மண்ணெண்ணெய், கம்பிப் பிரஷ் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு இருவரும் இறங்கினோம். பின்னேரம் முழுக்க எதிரும் புதிருமாக முட்டி போட்டுத் தேய்த்தோம். துவைத்து முடித்த பெண்களில் ஒருத்தி, "அண்ணே, எங்க வீட்டுக்கும் வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மெழுகு போனது. மணல் மறுபடி கையை உரசியது. சிவப்பு மட்டும் முழுதாகப் போகவில்லை, தரை இளஞ்சிவப்பாக நின்றுவிட்டது. அப்படியே இருக்கட்டும் என்றேன்.

திங்கட்கிழமை ஆறரை மணி. பனி இன்னும் தண்ணீரை விட்டு எழும்பவில்லை. அக்கரைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் ஐந்தாறு பேர் குடையோடு கரையில் நின்றார்கள். அன்றைக்கு அவளோடு படகில் இருந்தவர்கள்தான். படகைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், ஒருவரும் ஏறவில்லை. என்னத்தைச் சொல்லி இவர்களை ஏற்றுவது? நல்ல தரை என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள், போன தடவை இத்துப்போன தரையை மேட்டால் மூடி இவர்களை ஏற்றிய ஆள்தானே நான்.

என் மனைவி சாப்பாட்டுப் பையை என் கையில் கொடுத்தாள். வலது காலைத்தான் முதலில் வைத்தாள், தையல் போட்ட கால். பிறகு மற்றது. நடு இருக்கை வரை நடந்துபோய்த் திரும்பி நின்றாள்.

"ஏன்டி நிக்கிறீங்க? ஏறுங்க. மூலை மூலையா நானே முட்டி போட்டுப் பாத்துட்டேன்."

ஒவ்வொருவராக ஏறினார்கள். நான் குனிந்து எஞ்சின் கயிற்றைத் தேடினேன். கண் கலங்கியிருந்ததில் இரண்டு தடவை தவறவிட்டு மூன்றாவது தடவைதான் பிடித்தேன். படகு கிளம்பியது. பாதித் தூரம் போனபோது பனி விலகி அக்கரை தெரிந்தது. பிள்ளைக்காம்பரா வாசலில் தாய்மார் கைக்குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கமே பார்த்து நின்றார்கள். அவள் அவர்களைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, இரண்டு காலையும் அகட்டி ஊன்றி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். படகு ஓடும்போது யார் எழுந்தாலும் நான் உட்காரச் சொல்லிக் கத்துவேன். அன்று கத்தவில்லை.